அசோசியேஷன் சர்க்குலரை மியூட் பண்ணாதீங்க: உங்க பணம் அதுலதான் இருக்கு

ஹோம் லோன் வட்டி, ப்ரீபேமென்ட் பத்தியெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. சாவி கைக்கு வந்த பிறகு மாசாமாசம் போற பணத்தைப் பத்தி இன்னிக்கு பார்க்கலாம்.

ஏப்ரல் மாசம் வந்தா சென்னையில எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு சர்க்குலர் இருக்கும்:

"சம்ப் கிளீனிங் ஞாயிறு காலை 9 முதல் 1 மணி வரை. தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும். விசிட்டர் பார்க்கிங்கில் நிரந்தரமாக வண்டி நிறுத்த வேண்டாம். ஏப்ரல் முதல் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு ரூ.3.50-லிருந்து ரூ.4 ஆக உயர்த்தப்படுகிறது. வெளிப்புற பெயின்டிங் மற்றும் மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் பணிக்காக வீட்டுக்கு ரூ.40,000 சிறப்புப் பங்களிப்பு. ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் 27-ம் தேதி. அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்."

சம்ப் கிளீனிங்கை எல்லாரும் படிப்பாங்க, ஏன்னா ஞாயித்துக்கிழமை குளிக்கணும். அடுத்த வரியில பார்க்கிங் சண்டை ஆரம்பிச்சிடும். அதுக்குக் கீழே இருக்கிற மூணு வரியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அந்த மூணு வரியிலதான் உங்க சம்பளம் போகுது.

50 பைசாதானே?

1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 50 பைசா ஏத்தினா மாசம் 500 ரூபாய். பெருசா தெரியாது. முழுத் தொகையையும் போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு 4 ரூபாய்னா மாசம் 4,000, வருஷம் 48,000. செக்யூரிட்டி சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், கோடையில தண்ணி லாரி எல்லாமே விலை ஏறுற விஷயங்கள். வருஷத்துக்கு 6% ஏறும்னு வச்சுக்கிட்டா, உங்க 20 வருஷ லோன் முடியறதுக்குள்ள இதுக்கு மட்டும் சுமார் 17.65 லட்சம் கட்டியிருப்பீங்க. இஎம்ஐ ஒருநாள் முடியும். இது முடியாது. அதனால வீடு தேடும்போதே "எனக்கு எவ்வளவு இஎம்ஐ தாங்கும்?"ங்கிற கணக்குல இதையும் சேர்த்துடுங்க. நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ்னு பிராஷர்ல இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஒரு மாசச் செலவு இருக்கு. நீங்க நீந்தினாலும் சரி, நீந்தாட்டியும் சரி.

7,500 ரூபாய் கோடு

உங்க பராமரிப்புக் கட்டணம் மாசம் 7,500-ஐத் தாண்டினா, சங்கத்தோட வருஷ வரவும் 20 லட்சத்தைத் தாண்டினா, 18% ஜிஎஸ்டி வரும். ரெண்டுல ஒண்ணு தாண்டலைன்னாலும் ஜிஎஸ்டி கிடையாது. ஒரே ஆளுக்கு ரெண்டு ஃபிளாட் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா 7,500 வரம்பு.

இதுல ஒரு சிக்கல் இருந்தது. மாசம் 9,000 கட்டுறீங்கன்னு வைங்க. வரி முழு 9,000-க்கா, இல்ல கூடுதலா இருக்கிற 1,500-க்கு மட்டுமா? 7,500-ஐத் தாண்டிட்டா முழுத் தொகைக்கும் வரின்னு மத்திய மறைமுக வரி வாரியம் 2019 ஜூலையில சுற்றறிக்கை போட்டது. அதை எதிர்த்து குடியிருப்போர் சங்கங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போச்சு. கூடுதல் தொகைக்கு மட்டும்தான் வரின்னு 2021 ஜூலையில தீர்ப்பு வந்தது.

வித்தியாசம் எவ்வளவு? முழுத் தொகைக்குன்னா 1,620 ரூபாய். கூடுதலுக்கு மட்டும்னா 270 ரூபாய். மாசம் 1,350, வருஷத்துக்கு 16,200. உங்க பில்லை எடுத்து எந்தத் தொகைமேல வரி போட்டிருக்காங்கன்னு பாருங்க. முழுத் தொகைக்கும் போட்டிருந்தா, சங்கத்தோட ஆடிட்டர் என்ன காரணம் சொல்றார்னு கமிட்டிகிட்ட எழுத்துல கேளுங்க.

அந்த 40,000 யார் கட்டணும்?

இந்த வரியை நிதானமா படிங்க. பெயின்டிங்கும் வாட்டர்ப்ரூஃபிங்கும் ஒரே வாக்கியத்துல வந்திருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற கதை.

பெயின்டிங் தேய்மானச் செலவு. சில வருஷத்துக்கு ஒருமுறை வரத்தான் செய்யும். அது நம்ம செலவுதான், அதுல தகராறு இல்லை. மொட்டைமாடி ஒழுகுதுன்னா மட்டும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: பில்டர் நமக்கு வீட்டை ஒப்படைச்சு எத்தனை வருஷம் ஆச்சு?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லாரும் ரெரான்னு சொல்ற 2016 சட்டம், அதோட 14-வது பிரிவுல இதுக்கு வழி இருக்கு. ஒப்படைச்ச தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டட அமைப்புலயோ, வேலைத்தரத்துலயோ குறை தெரிஞ்சு பில்டர்கிட்ட சொன்னா, அவர் 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரிசெஞ்சு தரணும். தரலைன்னா நஷ்டஈடு கேட்கலாம். புகாரை தனி ஆளாவும் கொடுக்கலாம், சங்கமாவும் தமிழ்நாடு ரெராவுல கொடுக்கலாம்.

இப்போ கணக்கைப் பாருங்க. 100 வீடு, வீட்டுக்கு 40,000-ன்னா மொத்தம் 40 லட்சம். அதுல பாதி வாட்டர்ப்ரூஃபிங்னு வச்சுக்கிட்டா, பில்டர் செய்ய வேண்டிய 20 லட்ச ரூபாய் வேலைக்கு நாம தவணை கட்டிக்கிட்டு இருப்போம். கமிட்டியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சம்பளம் வாங்காம ஆபீஸ் முடிஞ்சு வந்து பிளம்பரோட மல்லுக்கட்டுறவங்க அவங்க. எந்தத் தேதியில அஞ்சு வருஷம் முடியுதுன்னு அவங்களுக்கும் ஞாபகம் இருக்காது. உங்க ஒப்படைப்புக் கடிதத்துல தேதி இருக்கும். நாலரை வருஷத்துல ஒரு ரிமைண்டர் போட்டு வைங்க. அதுக்குள்ள மொட்டைமாடி, பேஸ்மென்ட், குழாய் லைன் எல்லாத்தையும் ஒரு இன்ஜினீயரை வச்சுப் பார்த்து, ஃபோட்டோவோட மொத்தமா எழுத்துல பில்டருக்கு அனுப்பச் சொல்லுங்க. போன்ல சொன்னது, குரூப்ல போட்டதெல்லாம் நாளைக்குக் கைகொடுக்காது. இமெயிலும் பதிவுத் தபாலும் கைகொடுக்கும்.

அடுத்த கேள்வி, கார்பஸ் ஃபண்ட் எங்கே? வீடு வாங்கும்போது பில்டர் உங்ககிட்ட ஒரு தொகை வாங்கியிருப்பார். சதுர அடிக்கு 50 ரூபாய்னு வச்சுக்கிட்டா 1,000 சதுர அடிக்கு 50,000, நூறு வீட்டுக்கு 50 லட்சம். இந்த மாதிரி பெரிய வேலைக்காகத்தான் அந்தப் பணம். அது சங்கத்தோட கணக்குக்கு வந்துடுச்சா, இன்னும் பில்டர்கிட்டயே இருக்கா? வந்திருந்தா இப்போ மீதி எவ்வளவு? மாசாமாசம் விழுற துண்டை கார்பஸ்ல இருந்து எடுத்து அடைக்கிற சங்கத்துல, பெயின்டிங் வரும்போது வீட்டுக்கு 40,000 கேட்டுத்தான் ஆவாங்க. கட்டணத்தை ஏத்தாத கமிட்டிக்கு நல்ல பேர் கிடைக்கும், பில் பின்னாடி வரும்.

கார்பஸை எஃப்டியில போட்டா வர்ற வட்டிக்கு சங்கம் வருமான வரி கட்டணும். உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போடுற பணத்துக்கு வரி இல்லைங்கிற கொள்கை வங்கி வட்டிக்குப் பொருந்தாதுன்னு பெங்களூர் கிளப் வழக்குல 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கணக்குல வட்டி மட்டும் தெரியுது, வரி தெரியலைன்னா ஒரு நாள் நோட்டீஸ் வரும், அதையும் நாமதான் பங்கு போட்டுக் கட்டணும்.

27-ம் தேதி கூட்டம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்கீழ் பதிவான சங்கம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செஞ்ச கணக்கை உறுப்பினர்கள் முன்னாடி வைக்கணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிநேரம் போகும், போரடிக்கும், ஒருத்தர் எழுந்து நாய் விஷயத்தை ஆரம்பிப்பார். பரவாயில்லை, போங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பர் கேட்டு வாங்கிடுங்க: போன வருஷ வரவு செலவு, வீடுவாரியா பாக்கிப் பட்டியல். பத்து வீடு கட்டலைன்னா அந்தப் பாரம் ஒழுங்கா கட்டுற உங்க மேலதான் விழுது. 40,000-க்கு எத்தனை கொட்டேஷன் வாங்கினாங்க, பில்டருக்கு எழுதினாங்களான்னு அங்கதான் கேட்க முடியும். தீர்மானம் நிறைவேறிட்டா அப்புறம் குரூப்ல புலம்புறதுதான் மிச்சம். ஒரு விஷயம், உங்க பாக்கியை முதல்ல கட்டிட்டுப் போங்க. பல சங்கங்களோட பைலாவுல பாக்கி வச்சவங்களுக்கு ஓட்டு கிடையாது.

சின்ன அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க பொது மின் இணைப்பு பில்லையும் பாருங்க. 10 வீடு அல்லது அதுக்குக் குறைவு, 3 மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லைன்னா, பொது இணைப்புக்கான கட்டணத்தை யூனிட்டுக்கு 8.15-லிருந்து 5.50 ரூபாயா 2023 நவம்பர்ல குறைச்சாங்க. மூணு நிபந்தனையும் பொருந்தியும் பழைய பிரிவுலயே பில் வந்துக்கிட்டு இருந்தா மின்வாரிய அலுவலகத்துல மனு கொடுத்து மாத்திக்கலாம்.

சொத்து வரியை சங்கம் கட்டாது, அது உங்க வேலை. சென்னை மாநகராட்சியில அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் போன்ல அலாரம் வைங்க. தண்ணி, கழிவுநீர் வரி தனி, அது குடிநீர் வாரியத்துக்குப் போகும்.

பழைய ஃபிளாட் வாங்கப் போறீங்களா? பத்திரப் பதிவுக்கு முன்னாடி சங்கத்துகிட்ட இருந்து "பாக்கி எதுவும் இல்லை"ன்னு ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்க. அதோட, ஏதாவது சிறப்புப் பங்களிப்பு தீர்மானம் போட்டிருக்காங்களான்னும் கேளுங்க. வித்தவர் பணத்தை வாங்கிட்டுப் போயிடுவார், அடுத்த மாசம் 40,000 ரூபாய் சர்க்குலர் உங்க கதவுல ஒட்டியிருக்கும்.

கடைசியா வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு. சிறப்புப் பங்களிப்பு, கார்பஸ் இதெல்லாம் வீட்டு ஓனரோட செலவு. மாசப் பராமரிப்பை யார் கட்டுறதுங்கிறது உங்க ஒப்பந்தத்துல இருக்கிறபடி. பழைய வரி முறையில ஹெச்ஆர்ஏ கேட்கிறவங்க, வாடகை 18,000, சங்கத்துக்கு நேரா கட்டுற மெயின்டெனன்ஸ் 3,000-ன்னா ஹெச்ஆர்ஏ கணக்குல 18,000-ஐ மட்டும் காட்டுங்க. புது வரி முறையில ஹெச்ஆர்ஏ விலக்கே கிடையாது, அதனால அங்க இந்தக் கேள்வி வராது.