ஷாக் அடித்தும் நண்டை விடாத ஆக்டோபஸ்: மூளையில் எது இல்லாமல் போனது?

நண்டைப் பார்த்தால் ஆக்டோபஸ் சும்மா இருக்காது, பாய்ந்துவிடும். இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில், 1950களில், பிரிட்டன் விஞ்ஞானிகள் ஜே.இசட். யங், பிரையன் பாய்காட் இருவரும் அந்தப் பாய்ச்சலுக்கே செக் வைத்தார்கள். நண்டு மட்டும் வந்தால் சாப்பிடலாம். கூடவே ஒரு வெள்ளைச் சதுரமும் தெரிந்தால், பாய்ந்ததும் ஷாக் அடிக்கும். சில தடவை பட்டதுமே ஆக்டோபஸ் உஷார்! சதுரம் தெரிந்தால் ஒதுங்கிக்கொண்டது.

பிறகு, மூளையின் உச்சியில் இருக்கும் 'வெர்ட்டிகல் லோப்' பகுதியை அகற்றினார்கள். பார்வை, நீச்சல், வேட்டை எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் சதுரம் இருந்தும் நண்டு மீது மறுபடி பாய்ந்தது. சுவாரஸ்யமே இனிமேல்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டினால் கற்றுக்கொண்டது. இரண்டு மணி நேர இடைவெளி விட்டால்? பாடம் ஏறவே இல்லை. பாய வைப்பது வேறு பகுதி. 'போன தடவை பட்டது ஞாபகம் இல்லையா?' என்று பிடித்து இழுப்பது இந்தப் பகுதி.

2008-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் பின்யமின் ஹோக்னர் குழு, இங்கே வரும் நரம்புப் பாதையைத் துண்டித்துப் பார்த்தது. அந்த ஆக்டோபஸ்கள் அன்றைக்கு ஓரளவு கற்றன, மறுநாள் சொதப்பின. நீண்டகால நினைவுக்கு நம் மூளையில் ஹிப்போகேம்பஸ் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலை. இத்தனைக்கும் நாமும் ஆக்டோபஸும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.