நெடுஞ்சாலை பிரித்த காட்டைப் பாலம் சேர்த்தது எப்படி?

வரதராஜன்பேட்டை பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பவர்கள், ஞாயிறு லீவில் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் மழைக்காட்டுக்கே போய்விடலாம். டவுன்டவுன் லைனில் பியூட்டி வேர்ல்டு ஸ்டேஷன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புக்கிட் தீமா.

அங்கே என்ன இருக்கு?

1883 முதல் காப்புக்காடு. சுமார் 163 மீட்டர் உயரம்; சிங்கப்பூரின் உயரமான குன்று இதுதான்.

என்ன சிக்கல்?

1986இல் வந்த ஆறுவழி எக்ஸ்பிரஸ்வே காட்டை இரண்டாகத் துண்டித்தது. சாலையைக் கடந்த எறும்புத்தின்னிகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்தன.

எப்படிச் சரிசெய்தார்கள்?

2013இல் சாலைக்கு மேலே விலங்குகளுக்காகவே ‘ஈக்கோ-லிங்க்’ பாலம் கட்டி, அதில் மரங்களும் நட்டார்கள். எறும்புத்தின்னிகள் அதில் நடமாடுவது கேமராவில் பதிவானது. வெட்டிய காட்டை இணைக்க 27 வருஷம் ஆகியிருக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

அனுமதி இலவசம். குரங்குகளுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீங்க, அபராதம் உண்டு.