பின்னால் நிற்பவர்கள் யார்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் முனையில் நின்றால் காதுக்கு ஓய்வே கிடையாது. ஒரு கடையில் பழைய இளையராஜா, அடுத்த கடையில் நேற்று வந்த படப்பாட்டு. கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. சத்தம் மட்டும் குறையவில்லை. ஆனால் முன்பு பாட்டைக் கேட்டவர்கள் இப்போது பாட்டைப் பார்க்கிறார்கள். ஐந்தடி நடைபாதையில் மூன்று நான்கு பையன்கள் ஒரே திரையில் தலையைக் குவித்து நிற்கும் காட்சி இன்று சாதாரணம்.

திரையில் ஒரு சொல்லிசைப் பாடகர். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். அவர்கள் பாடுவதுமில்லை, ஆடுவதுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேமராவை முறைக்கிறார்கள். இதை எட்டிப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். "யாருடா பின்னால நிக்கிறவனுங்க? குண்டர் கும்பலா?" என்று கேட்கத்தான் செய்வார்.

கேள்வி நியாயமானது. வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வியை ஒரு புகழ்பெற்ற ராப் பாடலே 40 ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் அண்ட் தி பியூரியஸ் பைவ் குழு 1982-இல் வெளியிட்ட 'தி மெசேஜ்' என்ற பாடல் அது. இடிந்த கட்டடங்களையும் ஏழ்மையையும் பற்றிப் பாடிவிட்டு, கடைசியில் நண்பர்கள் தெருவோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் கார் வந்து நிற்கும். இது என்ன கும்பல் என்று விசாரணை நடக்கும். நாங்கள் ஓர் இசைக்குழு என்று சொன்னாலும் விடுவதில்லை. அள்ளிக்கொண்டு போவதோடு பாட்டு முடிகிறது.

ஆக, பாடகருக்குப் பின்னால் கூட்டமாக நிற்பது ஹிப் ஹாப் பிறந்தபோதே கூடப் பிறந்த வழக்கம். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்துதான் இந்த இசையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். இசைத்தட்டைச் சுழற்ற ஒருவர், ஒலிவாங்கியில் பேச ஒருவர், தரையில் சுழன்று ஆடச் சிலர், சுவரில் வண்ணம் தீட்டச் சிலர் என்று அது தனி ஆளின் கலையாகவே இருக்கவில்லை. 1981-இல் எம்டிவி வந்து கேமராக்கள் பெருகியபோது அந்தக் கூட்டமும் சட்டத்துக்குள் வந்து நின்றது. நான் தனி ஆள் இல்லை, எனக்கொரு தெரு இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதனால்தான் இந்த வீடியோக்களில் தெருப் பெயர்ப்பலகை, கடை முகப்பு, அடுக்குமாடி வீடு எல்லாம் அடிக்கடி வருகின்றன. கேமராவைத் தாழ்வாக வைத்து அண்ணாந்து எடுப்பதும் அதே கணக்குதான். ஊரார் குனிந்து பார்த்த ஆளை அது நிமிர்ந்து பார்க்கச் செய்கிறது.

பிறகு வியாபாரம் புகுந்தது. 1989-இல் என்.டபிள்யூ.ஏ. குழு தங்கள் காம்ப்டன் தெருக்களில் எடுத்த வீடியோவை ஒளிபரப்ப எம்டிவி மறுத்தது. தடை செய்த சரக்குக்குக் கிராக்கி கூடும் என்பதை நம்மூர் வியாபாரிகளும் அறிவார்கள். முறைப்பு விலை போகும் என்று தெரிந்ததும், முறைக்கக் காரணமே இல்லாதவர்களும் முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ ஆகிய நால்வரின் பொயட்டிக் அம்மோ குழு 1998-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனிஸ் என்று ஒரே தட்டில் பல மொழிகள். அடுத்து 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'நட்சத்ரா' என்ற பெயரில் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார்கள். அதிலிருந்த 'மடை திறந்து' தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கே பின்னால் நிற்பவர் யார்? 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா! எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்தப் பாடல், வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவாகப் படத்தில் வரும். இளையராஜாவே அதில் தோன்றுவார். திரைப்படத்துக்கு வெளியே தமிழ்ப் பாட்டுக்கு இடமிருக்கிறதா என்று முட்டி மோதிக்கொண்டிருந்த மலேசிய இளைஞர்கள் அந்தப் பாட்டையே எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. பழைய பாட்டின் துண்டை எடுத்து அதன்மேல் புதிய சொல்லைக் கட்டுவது ஹிப் ஹாப்பின் ஆதி வழக்கம். முன்னோரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழி அது. பழைய பாட்டைக் கெடுக்கிறார்கள் என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் தாயின் பயத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. 2013-இல் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களே பெயரான கும்பல்கள் அதில் இருந்தன. அமெரிக்க வீடியோவில் விரலை மடக்கிக் காட்டுவது ஒரு வட்டாரத்தின் அடையாளமாக இருக்கலாம். அதையே இங்கே ஒரு பையன் சட்டை எண்ணாகவோ கை முத்திரையாகவோ காட்டினால், பார்ப்பவருக்கு நினைவு வருவது பிராங்ஸ் ஆகாது. பிள்ளைக்கு அது பாணி, பக்கத்து வீட்டுக்காரருக்கு அது புகார். வீடியோ எடுக்கும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்துதான் எடுக்க வேண்டும். வாடகைக் காரும் இரவு நேரக் கார் நிறுத்துமிடமும் தேடி அலைவதைவிட, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம் நிற்கும் லெபோ குவீனில் ஒரு பகல் பொழுது நின்று எடுத்தால், 'இது என் தெரு' என்ற பேச்சுக்கு எவ்வளவு பலம் கூடும்!

தங்கச் சங்கிலியைப் பற்றி நமக்கு அமெரிக்கா பாடம் சொல்ல வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளில் கேட்டால் தெரியும். கார் விஷயமும் அப்படித்தான், கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டும் ஆசை. அந்தக் காரின்மேல் சாய்ந்து நிற்கும் பெண்தான் உறுத்தல். அவளுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை. கேமரா முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்க்கும். இந்த வழக்கத்தைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டவர் ஒரு தமிழ்ப் பெண். யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., 2012-இல் ரொமெய்ன் காவ்ராஸ் இயக்கத்தில் மொரோக்கோவில் எடுத்த 'பேட் கேர்ள்ஸ்' வீடியோவில் பெண்களே காரை ஓட்டுகிறார்கள். இரண்டே சக்கரத்தில் சாய்ந்தோடும் காரின் பக்கவாட்டில் எம்.ஐ.ஏ. அமர்ந்து நகம் தேய்க்கிறார்.

நடன இசை வீடியோக்களில் கூட்டம் வேறு மாதிரி. அங்கே பின்னால் நிற்பவர்கள் வரிசையாக நிற்பார்கள், ஒரே உடை, ஒரே அசைவு. பெரும்பாலும் பாடகரே இருக்கமாட்டார், வரிகளும் நாலைந்துதான். அதனால் தாளத்தையே கண்ணுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம். 1997-இல் டாப்ட் பங்க் குழுவின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாடலுக்கு மிஷல் கோந்த்ரி எளிமையான வழி கண்டார். டிரம் ஒலிக்கு மம்மிகள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், இயந்திரக் குரலுக்கு ரோபோக்கள். எந்த ஒலி கேட்கிறதோ அந்தக் கூட்டம் அசையும். இசை தெரியாத குழந்தைகூட அதைப் பார்த்தால் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். நம் படங்களில் பின்வரிசைக்காரருக்கு அந்த மதிப்பு கிடைப்பது அரிது. 1988-இல் 'அக்னி நட்சத்திரம்' பாட்டொன்றில் பின்வரிசையில் ஆடிய ஒரு பையன், 1993-இல் 'ஜென்டில்மேன்' பாட்டில் முன்வரிசைக்கு வந்தார். அவர் பிரபுதேவா. அவருக்குப் பின்னால் ஆடிய எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இந்தக் கேள்வி 2021-இல் பெரிதாகவே வெடித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோ அது. ஹிப் ஹாப்பின் வழக்கம் எல்லாம் அதில் உண்டு. பாடகர் நேரே கேமராவைப் பார்க்கிறார், பின்னால் கூட்டம் நிற்கிறது, ஆடுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் மண்ணில் உழைத்து மண் கிடைக்காமல் போன மக்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படித் தோட்டத்தை விட்டுப் போக வேண்டியிருந்த மக்களின் கதைதான் பாட்டின் வேர். வீடியோவில் அந்தப் பாட்டியும் தோன்றுகிறார். பாட்டி பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழருக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. அவர் ஏன் மறைக்கப்பட்டார் என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். தமிழர்கள் பலரும் கேட்டார்கள். பின்னர் அதே இதழ் இன்னோர் இணைய அட்டையை வெளியிட்டது. அதில் அறிவின் முகம் முன்னால் இருந்தது.