வாளியில் சிவக்கும் தண்ணீர்

மோட்டார் போட்டதும் தண்ணீர் பளிங்குபோல வரும். வாளியில் பிடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், மேலே எண்ணெய் மிதப்பதுபோல ஒரு படலம். சாயங்காலத்துக்குள் அடியில் செங்காவி வண்டல். குப்பைமேட்டை ஒட்டி போர் போட்டவர்கள் பலருக்கு இது பழகிப்போன காட்சி. குப்பையில் கிடக்கும் இரும்பெல்லாம் துருப்பிடித்து இறங்குகிறது என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த இரும்பு மண்ணுக்குள் காலங்காலமாக இருந்ததுதான். குப்பை அதை அவிழ்த்துவிட்டது.

எப்படி? மேட்டின்மேல் பெய்யும் மழை, அழுகும் சோறு, காய்கறிக்கு ஊடாக இறங்கி, ஃபில்டர் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து அடியில் கசிகிறது. அந்தச் சாற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் நிலத்தடி நீரிலுள்ள ஆக்சிஜனை முதலில் காலி செய்கின்றன. அது தீர்ந்ததும் நைட்ரேட், மாங்கனீசு, அடுத்து மண்துகள்களில் துருவாக ஒட்டியிருக்கும் இரும்பு. துரு நீரில் கரையாது. ஆனால் அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பறித்துவிட்டால் இரும்பு நிறமே இல்லாமல் கரைந்துவிடும். வாளியில் காற்றுப் பட்டதும் மறுபடி துரு. சில மண்வகைகளில் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்செனிக்கும் கூடவே கழன்று வரும்.

செம்மண் பூமியில் குப்பையே இல்லாமலும் இரும்பு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குப்பைதான் காரணமா என்று பார்க்க, இரும்போடு அம்மோனியாவும் குளோரைடும் ஏறியிருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். கடலோரத்தில் குளோரைடை மட்டும் நம்ப முடியாது, உப்புநீரும் அதைக் கொண்டுவரும்.

வீட்டில் நாம் நம்புவது டிடிஎஸ் மீட்டரை. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடும் கருவி அது, அவ்வளவுதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! மீட்டரின் கண்ணுக்கு அது படவே படாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும் என்பதால் கொஞ்சம் கூடவும் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டும் நைட்ரேட், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். பால்பவுடர் கரைக்கத்தானே நாம் அக்கறையாகக் காய்ச்சுகிறோம்?

புதிய குப்பைக் கிடங்கின் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றன 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள். சென்னையின் கொடுங்கையூரும் பெருங்குடியும் அதற்கு வெகுகாலம் முந்தியவை. பெருங்குடிக் குப்பை கொட்டப்பட்டதோ பள்ளிக்கரணைச் சதுப்பில், தண்ணீர் ஊறும் இடத்திலேயே. அந்தச் சதுப்புக்கு 2022-ல், ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு கிடங்கு நாள்கணக்கில் தீப்பிடித்து எரிந்தது.

இப்போது பயோமைனிங் முறையில் பழைய மேடுகளைத் தோண்டிச் சலிக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ஏற்கெனவே இறங்கிவிட்ட சாறு சல்லடைக்கு வராது. நிலத்தடி நீர் பல இடங்களில் ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். குப்பை லாரி நின்று பல வருஷம் கழித்து, நாலு தெரு தள்ளி வீடு வாங்குகிறவரின் வாளியும் சிவக்கலாம். அவர் ஜன்னலில் பார்த்தால், மேடு இருந்த இடத்தில் பூங்காதான் தெரியும்.