கச்சேரியும் கணக்கும்

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்றனர் நம் முன்னோர். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று சொன்னவர்களும் அவர்களே. இவ்விரண்டு பழமொழிகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டது எங்கள் மெல்லிசைக் குழு.

தாமிரபரணி மலையிறங்கிச் சமவெளி காணும் பாபநாசத்தில், நண்பர்கள் அறுவர் கூடி அக்குழுவைத் தொடங்கினோம். கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் மேடைகள் கிடைத்தன. முதலாண்டு வருமானத்தைப் பங்கிடாமல் ஒரு கீபோர்டு வாங்கினோம். பில், அதை வாசித்த நண்பன் பெயரில் இருந்தது. சென்ற ஆண்டு அவன் வேலை கிடைத்துத் திருப்பூர் சென்றான். கீபோர்டும் உடன் சென்றது. கேட்டதற்கு, "பில்லு எம் பேர்லதானல இருக்கு?" என்றான். ஆடிக் கொடைக்கு முன்பணம் வாங்கியிருந்த நாங்கள் வாடகைக் கீபோர்டுடன் மேடையேறினோம்.

வணிகவியல் மாணவனாகிய நான் அன்றுதான் பாடநூலை உண்மையாகப் படித்தேன்!

இலாபத்தைப் பகிர உடன்பட்டுச் சிலர் தொழில் நடத்தினாலே அது கூட்டாண்மை என்கிறது 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். எழுத்து கட்டாயமன்று. ஆக, நாங்கள் அறியாமலே கூட்டாளிகள்! கூட்டுப் பணத்தில் வாங்கிய பொருள், மாறான கருத்து இல்லையேல், கூட்டுக்கே உரியது என்பது 14-ஆம் பிரிவு. படித்ததும் மகிழ்ந்தேன். 69-ஆம் பிரிவு அம்மகிழ்ச்சியைப் பறித்தது. பதிவு செய்யாத கூட்டாண்மையில் ஒரு கூட்டாளி இன்னொருவர்மீது தன் உரிமைக்காக வழக்கிட முடியாது; கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கையும் சொத்தையும் கேட்கவுமே முடியும். கீபோர்டை மீட்கக் குழுவையே கலைக்க வேண்டும்! 100 ரூபாய்க்கு மேல் பாக்கி வைக்கும் விழாக்காரர்மீதும் வழக்கிட இயலாது.

வேறு வழிகள் இல்லையா? உண்டு. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி எழுவர் கூடினால் சங்கம் அமைக்கலாம். கலை வளர்க்க அது ஏற்றது, இலாபம் பங்கிட அன்று. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எல்.எல்.பி.யில் குழுவின் கடனுக்காகச் சொந்த வீட்டை இழக்கும் அச்சமில்லை. தனியார் கம்பெனியிலும் அப்படியே. ஆனால் இரண்டிலும் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். கொடைக் காலத்தில் மட்டும் சம்பாதிக்கும் எங்களுக்கு அது பெருஞ்சுமை.

உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் 1967-இல் கூட்டாண்மை ஒப்பந்தம் செய்திருந்தனர். அதைக் கலைக்கக் கோரி 1970 டிசம்பர் 31-இல் பால் மெக்கார்ட்னி இலண்டன் நீதிமன்றம் சென்றார். முற்றும் கலைய 1975 ஆயிற்று. சேரும்போதே பிரியும் முறையையும் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே நமக்குப் பாடம்.

எஞ்சிய ஐவரும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். கூட்டின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப்பொறுப்பு என்பது 25-ஆம் பிரிவு. ஆதலால் கடனுக்கு எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். கருவிகள் குழுவுக்கே சொந்தம்; விலகுபவருக்கு அவர் பங்கு பணமாகத் தரப்படும். இவை முதலிரண்டு விதிகள்.

பொங்கலுக்கு வந்த நண்பனிடம் அப்பத்திரத்தைக் காட்டினேன். நெடுநேரம் படித்தான். "இத மொதல்லயே எழுதியிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காதுல" என்றான்.

கூடிப் பாடும் நண்பர்களே, சுருதி சேர்க்கும் முன்பே கணக்கைச் சேர்த்துவிடுங்கள்!