தொற்றின் முதற்படி: பற்றிக்கொள்ளும் புரதங்கள்

நலமாக உள்ளோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் மூக்கில் 'ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்னும் பாக்டீரியா தீங்கின்றி வாழ்கிறது. காயத்தின் வழியே உட்புகுந்து திசுவைப் பற்றிக்கொண்டால், அதுவே கடும் நோய்க்குக் காரணமாகிறது.

இவ்வாறு பற்றுவதற்கு அதன் மேற்பரப்புப் புரதங்கள் உதவுகின்றன. 'சார்ட்டேஸ்' என்னும் நொதி இவற்றைப் பாக்டீரியாவின் சுவரோடு பிணைக்கிறது. இவற்றுள் ஒன்று இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜனைப் பற்றுகிறது. ஃபைப்ரினோஜனின் முனை இப்புரதத்தின் பள்ளத்தில் நுழைந்ததும், புரதத்தின் ஒரு பகுதி மடிந்து தாழ்ப்பாளைப் போல் அதை இறுக்குகிறது. வேறு சில புரதங்கள் ஃபைப்ரோனெக்டினைப் பற்றுகின்றன.

செயற்கை இதய வால்வு, இரத்தக்குழாயில் செருகப்படும் கதீட்டர் ஆகியவற்றின் மீதும் ஃபைப்ரினோஜன் படிகிறது. அங்கு ஒட்டிய பாக்டீரியாக்கள் படலமாகப் பெருகினால், மருந்துகள் அவற்றை எளிதில் அழிக்க இயலாது.

பற்றும் புரதம் ஒன்றையும் இலக்காகக் கொண்ட தடுப்பூசி ஆய்வு, போதிய பயன் தராமையால் 2018ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஒரு புரதத்தைத் தடுத்தாலும் மற்றவை எஞ்சியிருப்பது இத்துறையின் பெரும் இடர்ப்பாடு.

எனவே, பாக்டீரியா ஒட்டுவதற்கே இடந்தராமை இன்றும் சிறந்த காப்பாகும். மருத்துவமனைகளில் கைகளைத் தூய்மையாக வைத்தலும், தேவை முடிந்தவுடன் கதீட்டரை அகற்றுதலும் செலவு குறைந்த, உறுதியான வழிகளாகும்.