மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?



கடன் விஷயமாக நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூடியிருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. கடைச் சரக்கு, பட்டறைச் சாமான், உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு எல்லாம் தண்ணீரோடு போயின. அன்று நஷ்டத்தைச் சரிக்கட்ட வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய இன்னொரு கடன் என்று பலர் இன்னும் மீளவில்லை. விசைப்படகுத் தொழிலை நம்பியவர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு.

இப்படி வருகிறவர்களில் சிலர், "ஐ.பி. போட்டுவிட்டால் கடன் எல்லாம் போய்விடுமாமே, காக்கா?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர் மஞ்சள் நோட்டீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே, "அது ஏமாற்றுக்காரன் செய்கிற வேலை, நான் கொடுத்துத்தான் தீருவேன்" என்கிறார்கள். திவால் மனு போடுவதும் கடனைத் திருப்பிக் கொடுப்பதும் எதிரெதிர் விஷயங்கள் என்று இரு சாராருமே நினைக்கிறார்கள். அப்படியல்ல என்பதை விளக்கத்தான் இக்கட்டுரை.

முதலில் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சாதாரணக் கடனாளிக்கு அது இன்னும் வரவில்லை. ஆகவே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் நமக்குப் பொருந்துவது வெள்ளைக்காரர் காலத்து 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். (சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம்.) எவ்வளவு பழையது என்றால், 500 ரூபாய் கடன் இருந்து அதை அடைக்க முடியாதவர் மனுச் செய்யலாம் என்கிறது.

மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்களின் விலாசம், தன்னிடம் உள்ள சொத்து, அதன் மதிப்பு, அது இருக்கும் இடம், அந்தச் சொத்து முழுவதையும் கோர்ட்டின் பொறுப்பில் விடச் சம்மதம் என்ற உறுதி. ஆக, "என்னிடம் இருப்பது இவ்வளவுதான், எல்லோரும் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுதான் ஐ.பி. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி போன்றவற்றைச் சட்டமே விட்டுக்கொடுக்கிறது.

மனுவைத் தாக்கல் செய்த அன்றே கடன்காரர்கள் நின்றுவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். கோர்ட் விசாரித்துத் 'திவாலானவர்' என்று உத்தரவிட்ட பிறகுதான் சொத்து ரிசீவர் கைக்குப் போகிறது. அதன் பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் எந்தக் கடன்காரரும் தனியாக நடவடிக்கை எடுக்க முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். ஆனால் வீட்டை அடமானம் பிடித்த வங்கிக்கும் நகையை வைத்திருக்கும் வங்கிக்கும் இந்தத் தடை கிடையாது. அவர்கள் ஈட்டுப் பொருளை ஏலம் விடலாம். செக் திரும்பிய வழக்கும் குற்றவியல் வழக்கு என்பதால் தானாக நிற்காது.

திருப்பிக் கொடுக்க நினைப்பவருக்கு முக்கியமான இடம் இந்தச் சட்டத்தின் 38-வது பிரிவு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்குக் கைமாற்றாகவும் சரக்குக் கடனாகவும் 10 லட்சம் கடன். ஒரு மனையும் சொச்சச் சரக்கும் விற்றால் 3 லட்சம் தேறும். அத்தோடு விட்டால் கடன்காரருக்கு ரூபாய்க்கு 30 காசுதான். அவர், "இந்த 3 லட்சம் போக, மாதம் 5,000 வீதம் ஐந்து வருடம் கட்டுகிறேன்" என்று கோர்ட்டில் திட்டம் கொடுக்கிறார். அது இன்னொரு 3 லட்சம். ரூபாய்க்கு 60 காசு ஆகிவிடுகிறது. கடனை நிரூபித்துக் கூட்டத்துக்கு வந்த கடன்காரர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டவர்களும், கடன் தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு உரியவர்களும் சம்மதித்து, கோர்ட்டும் ஏற்றுக்கொண்டால் அந்தத் திட்டம் மற்றவர்களையும் கட்டுப்படுத்தும். ஒருவர் மட்டும் தினம் வாசலில் வந்து நிற்க முடியாது. முழுக் கடனையும் அடைத்துவிட்டால், 35-வது பிரிவின்படி திவால் உத்தரவையே ரத்துச் செய்யச் சொல்லலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

மஞ்சள் நோட்டீஸ் என்றால் முகம் சுளிக்கும்படி ஆனதற்குக் காரணம் சட்டமல்ல. மனுவுக்கு முதல் மாதம் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைத்துவிட்டு, மச்சான் பணத்தை மட்டும் ரகசியமாகக் கொடுத்துவிட்டு, மற்றவருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியவர்கள்தான் அந்தப் பெயரைக் கெடுத்தார்கள். திவாலாவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தைக் கோர்ட் மீட்க முடியும். மனுவுக்கு மூன்று மாதத்துக்குள் ஒருவருக்குச் சலுகை காட்டிக் கொடுத்த பணமும் செல்லாது என்று ஆகலாம். சொத்தை மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. நம் ஃபிக்ஹு நூல்களில் முஃப்லிஸ் பற்றிய பாடத்தை ஓதியவர்களுக்கு இது புதிதாக இராது. சொத்தைக் கட்டுப்படுத்தி விற்று, கடன்காரர்களுக்கு அவரவர் கடனின் விகிதப்படி பங்கிடுவது ஷாஃபிஈ மத்ஹபிலும் உள்ளதுதான்.

ஆனால் ஓர் இடத்தில் கோர்ட்டும் மார்க்கமும் பிரிகின்றன. கோர்ட் 'விடுதலை' உத்தரவு கொடுத்தால், மேலே சொன்ன உதாரணத்தில் மிச்சமுள்ள 4 லட்சத்தைச் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. மார்க்கத்தில் அந்த 4 லட்சம் அவர் பொறுப்பில் அப்படியே நிற்கிறது. ஒன்று கொடுக்க வேண்டும், அல்லது கொடுத்தவர் மன்னிக்க வேண்டும். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லது என்ற கருத்து சூரா பகராவில் வருகிறது. அது கடன் கொடுத்தவருக்குச் சொன்னது. வாங்கியவர் அதைத் தனக்குச் சாதகமாக ஓதக்கூடாது. விடுதலைக்குப் பிறகு மனமுவந்து கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால் மிச்சக் கடனை ஒரு நோட்டில் ஆள் வாரியாக எழுதி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து, வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

விடுதலை தானாகக் கிடைக்காது. கோர்ட் குறித்த காலத்துக்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் பாதுகாப்பே போய்விடும். சொத்து ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டால், அதற்குத் தன் மேல் குற்றமில்லை என்று காட்டினால்தான் முழு விடுதலை. வெள்ள நஷ்டத்துக்கு வாங்கிய சான்று, போட்டோ, நிவாரண விண்ணப்ப நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வியாபாரிகள் மூன்று வருடக் கணக்குப் புத்தகம் காட்ட வேண்டி வரும். விடுதலை ஆகும்வரை, தான் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவதும் குற்றம். மளிகைக் கடைப் பற்று எழுதும்போது கூட ஞாபகம் வேண்டும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு இந்த விடுதலை பொருந்தாது. நீங்கள் வெளியே வந்ததும் கடன்காரர் நேராக அவரிடம்தான் போவார். பாசத்துக்காகக் கையெழுத்துப் போட்ட சகோதரனோ மாமாவோ இருந்தால், மனுப் போடும் முன் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். திட்டத்தில் அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று முதலிலேயே யோசியுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு உடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. கடன்காரர் நாலைந்து பேர்தான், எல்லோரும் அறிந்தவர்கள் என்றால் ஜமாஅத்தில் உட்கார்ந்து எழுத்தில் தவணை பேசுவது நல்லது. வங்கிக் கடனுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத் இருக்கிறது. அங்கு முடிவானது கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் உதவியும் உண்டு. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அதற்கு 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுங்கள். பணம் இருந்தும் கொடுக்காதவரைத்தான் சிவில் கடனுக்குச் சிறையில் வைக்கலாம், இல்லாதவரை அல்ல என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. பயந்து ஊரைவிட்டுப் போவது, உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பது எதற்கும் அவசியமே இல்லை. முதலில் எங்களிடம் வாருங்கள்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகை. நம் பைத்துல்மாலில் அதற்கென ஒதுக்கும் தொகையிலிருந்து அசல் கடனுக்கு மட்டும் உதவுகிறோம். வர விரும்புகிறவர்கள் கடன்காரர் பட்டியல், அடமானப் பத்திர நகல், வங்கி நோட்டீஸ், கடைக் கணக்கு நோட்டு, ஜாமீன் போட்டவர் விவரம் ஆகியவற்றுடன் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரவும். பட்டியலில் ஒருவர் பெயரையும் விட்டுவிட வேண்டாம், சொந்தக்காரர் கடனாக இருந்தாலும் சரி. பெண்கள் மஹ்ரமானவரையோ தாயாரையோ அழைத்து வரலாம். சொல்கிற விவரம் வெளியே போகாது.